வீரமாமுனிவர் பிறந்த மண்ணில் ஒரு நாள்



யூபிலி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். "நம் பங்கின் வரலாற்றைப் பெரியவர்கள் எழுதுகிறார்கள் சாமி. நீங்கள் இத்தாலிக்குப் போய் வந்தீர்களே, அங்கே கண்டது, உண்டது எல்லாம் எழுதினால் சனங்கள் விரும்பிப் படிப்பார்கள்" என்றார் குழுவிலுள்ள ஒரு தம்பி. கண்டதை எழுதலாம், உண்டதையும் எழுதுவதா என்று முதலில் சிரித்து விட்டேன். பிறகு எண்ணிப் பார்த்தபோது, அன்று கண்ட காட்சிகளைக் காட்டிலும், உண்ட இடத்தில் உட்கார்ந்து நினைத்ததே இன்றும் என் நெஞ்சை விட்டு அகலாமல் இருக்கிறது என்பது புலப்பட்டது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பயணத்தின் காரணம்

2022ஆம் ஆண்டு மே திங்கள் 15ஆம் நாள், உரோமாபுரியில் தூய பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் நம் தமிழ் மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் பிள்ளையைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்கள். அந்தத் திருச்சடங்கில் பங்கு கொள்ளும் பேறு அடியேனுக்கும் கிடைத்தது. இல்லறத்தார் ஒருவர், தமிழர், 1752ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு உயிர் நீத்தவர், உலகத் திருச்சபை முழுவதும் வணங்கும் புனிதரானதைக் கண்ணால் கண்டபோது உள்ளம் பூரித்தது.

விழா முடிந்தபின் எனக்குச் சில நாள் விடுமுறை இருந்தது. குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் வடக்கு இத்தாலியில் ஒரு பங்கில் பணியாற்றுகிறார். முன்னாளில் அந்நாட்டுக் குருக்கள் நம் நாட்டுக்கு வந்தார்கள். இந்நாளில் நம் குருக்கள் அந்நாட்டுக்குப் போகிறார்கள். காலச் சக்கரம் அப்படிச் சுழல்கிறது! "வெனிஸ் நகரம் பார்க்கிறாயா, மிலான் பேராலயம் பார்க்கிறாயா? ஒரு நாள்தான் இருக்கிறது" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். "இரண்டும் வேண்டாம். காஸ்திலியோனேக்குக் கூட்டிக் கொண்டு போ" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இத்தனை வருஷமாய் இங்கே இருக்கிறேன், எனக்கே அது தோன்றவில்லையே!" என்றார்.

காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்பது அவ்வூரின் முழுப்பெயர். 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் குழந்தை அங்கே பிறந்தது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் தைரியநாதர் என்றும், வீரமாமுனிவர் என்றும் தமிழுலகம் போற்றிய மாமேதை. நம் கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்குச் சென்று வராத குடும்பம் நம் பங்கில் இருக்காது. அந்தத் தலத்தைத் தோற்றுவித்தவரின் சொந்த ஊரைப் பார்க்காமல் திரும்புவது எப்படி?

குன்றும் ஏரியும் சூழ்ந்த ஊர்

மிலான் நகரிலிருந்து வெனிஸ் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் தெசென்சானோ என்ற நிலையத்தில் இறங்கினேன். கார்தா என்னும் பெரிய ஏரியின் தென்கரையில் உள்ள ஊர் அது. நண்பர் காருடன் காத்திருந்தார். தெற்கே சிறிது தூரம் சென்றால் காஸ்திலியோனே. லொம்பார்தி மாநிலத்தில் மாந்தோவா மாவட்டத்தைச் சேர்ந்தது. பழங்காலத்தில் பனியாறுகள் தள்ளிக்கொண்டு வந்து குவித்த மண்ணும் கல்லும் குன்றுகளாய் நிற்கின்றன. குன்றுகளின் மேல் திராட்சைக் கொடிகள். அப்பால் தெற்கே போ ஆறு பாயும் சமவெளி. ஓட்டுக் கூரை வீடுகள், குறுகலான கல் பாவிய தெருக்கள், கோயில் மணியோசை. காவிரிக் கரையில் வளர்ந்தவன் ஒருவன் அந்தச் சமவெளியைப் பார்த்தால் அந்நியம் என்று சொல்ல மாட்டான்.

ஊரின் நடுவே எழும்பி நிற்பது புனித ஞானப்பிரகாசியார் பேராலயம். ஆம், நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு ஞானப்பிரகாசம் இருக்கிறாரே, அவர்கள் அனைவருக்கும் பெயர் கொடுத்த புனிதர் அவ்வூர்க்காரர்தான்! அலோசியுஸ் கொன்சாகா என்பது அவர் இயற்பெயர். 1568ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், காஸ்திலியோனேயை ஆண்ட கொன்சாகா குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். 1580ஆம் ஆண்டு, மிலான் பேராயராயிருந்த புனித சார்லஸ் பொரோமேயு அவ்வூருக்கு வந்தபோது அவர் கையால் முதல் நன்மை வாங்கினார். தந்தைக்குப்பின் பட்டத்துக்கு வரவேண்டியவர், 1585ஆம் ஆண்டு தம் உரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். உரோமையில் கொள்ளை நோய் பரவியபோது நோயாளிகளைத் தோளில் சுமந்து பணி செய்து, அந்நோயே தமக்கும் வந்து, 1591ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், 23ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் உரோமையில் புனித இஞ்ஞாசியார் கோயிலில் இருக்கிறது. தலையோடு மட்டும் சொந்த ஊருக்குக் கொண்டு வரப்பட்டு இப்பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன்முன் முழந்தாளிட்டு, நம் பங்கின் இளைஞர்களுக்காக வேண்டிக்கொண்டேன்.

வரலாற்றில் சில பொருத்தங்கள் வியப்பைத் தருகின்றன. பெஸ்கி சிறுவனாயிருந்த காலத்தில் ஞானப்பிரகாசியார் முத்திப்பேறு பெற்றவராக மட்டுமே அறிவிக்கப்பட்டிருந்தார். அவரைப் புனிதராகத் திருத்தந்தை 13ஆம் ஆசீர்வாதப்பர் அறிவித்தது 1726ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள். அதே 1726ஆம் ஆண்டில்தான் வீரமாமுனிவர் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை முடித்தார் என்பர். ஊரின் ஒரு மகன் உரோமையில் பீடத்தின்மேல் ஏறிய ஆண்டில், அதே ஊரின் மற்றொரு மகன் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலே ஓலையும் எழுத்தாணியுமாய் அமர்ந்து, சூசையப்பரின் புகழைத் தமிழில் பாடிக்கொண்டிருந்தார்.

புறப்பட்டுப் போனவர்

பேராலயத்தின் படிகளில் உட்கார்ந்து, அந்தச் சிறுவன் ஓடியாடிய தெரு எதுவாயிருக்கும் என்று பார்த்துக் கொண்டிருந்தேன். 1698ஆம் ஆண்டு, வயது 18 நிரம்புமுன் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். இரவென்னா, பொலோஞா ஆகிய நகரங்களில் பயின்று, 1709ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். 1710ஆம் ஆண்டு கோவாவில் கரை இறங்கினார். 1711ஆம் ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30. அதன்பின் அவர் இத்தாலி மண்ணை மிதிக்கவே இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் பணி தொடங்கிய ஆண்டுகளில் சிறைப்பட்டு மரண தண்டனைக்கு ஆளாகித் தப்பியவர் அவர். காமநாயக்கன்பட்டியிலும், பின்னர்த் திருக்காவலூர் என்று அவர் பெயரிட்டு மகிழ்ந்த ஏலாக்குறிச்சியிலும், நம் கோணான்குப்பத்திலும் உழைத்தார். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணி. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் கூறும் தொன்னூல் விளக்கம். தமிழ் அகராதிக் கலைக்கு வழிகாட்டிய சதுரகராதி. படித்தவரையும் படியாதவரையும் சிரிக்க வைக்கும் பரமார்த்த குருவின் கதை. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்தார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் சேர நாட்டு அம்பலக்காட்டில் உயிர் நீத்தார். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது தமிழ்ச் சான்றோர்களுக்குச் சிலைகள் எடுத்தபோது, அவருக்கும் ஒரு சிலை எடுக்கப்பட்டதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பந்தி

நண்பகல் மணி பன்னிரண்டரை ஆயிற்று. அந்நாட்டில் உணவு விடுதிகள் குறித்த நேரத்தில்தான் திறக்கும். இரண்டரை மணிக்கு மேல் போனால் பட்டினிதான். ஆகவே நண்பர் என்னை அவசரப்படுத்தி, ஒரு சந்தில் இருந்த சிறிய விடுதிக்கு அழைத்துப் போனார். வயது முதிர்ந்த ஒருவரும் அவர் மகளும் நடத்தும் இடம். வெள்ளைத் துணி விரித்த மேசை. உட்கார்ந்த உடனே ஒரு கூடை ரொட்டி வந்தது. "இது இலவசமா?" என்று கேட்டேன். "நாம் உட்கார்ந்ததற்கே கணக்கில் ஒரு காசு உண்டு, ரொட்டி அதில் சேர்ந்தது" என்று நண்பர் விளக்கினார். தண்ணீருக்கும் காசு! நம் ஊரில் வந்தவர்க்கு முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, பிறகுதான் பெயரே கேட்போம் என்று சொல்லிச் சிரித்தோம்.

முதலில் காப்புன்செய் என்றொரு பண்டம் வந்தது. அந்தக் குன்றுப் பகுதிக்கே உரிய உணவாம். உலர்ந்த ரொட்டித்தூளை முட்டையும் பாலாடைக் கட்டியும் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். நம் தாய்மார் மிஞ்சிய சோற்றை வடகமாக்குவது போல, அவ்வூர்ப் பெண்கள் மிஞ்சிய ரொட்டியை வீணாக்காமல் கண்டுபிடித்த ஏழைகளின் உணவு. அடுத்து, பூசணிக்காயை மசித்துப் பூரணமாக வைத்த தொர்தெல்லி. நம் கொழுக்கட்டையைத் தட்டையாக்கியது போன்றிருந்தது. இனிப்பும் காரமும் கலந்த சுவை. அதில் மொஸ்தார்தா என்று ஒன்று சேர்க்கிறார்கள். பழத்தைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கடுகின் காரம் ஏற்றியது. ஊறுகாய்க்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். மாந்தோவா நாட்டுக்கு இவையெல்லாம் பெயர் பெற்றவை.

பிறகு வந்தது சோறு! இத்தாலியில் சோறா என்று வியக்க வேண்டாம். போ ஆற்றுச் சமவெளி ஐரோப்பாவின் பெரிய நெற்களஞ்சியம். 15ஆம் நூற்றாண்டிலேயே மிலான் பகுதியில் நெல் பயிரிட்டிருக்கிறார்கள். 1839ஆம் ஆண்டு கல்லேரி என்ற குரு ஒருவர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 43 வகை நெல் விதைகளை இத்தாலிக்குக் கொண்டு வந்தார் என்று வேளாண்மை வரலாறு கூறுகிறது. வேதம் சொல்லக் கிழக்கே போனவர்கள் விதைநெல்லோடும் திரும்பியிருக்கிறார்கள்! எங்களுக்குப் பரிமாறிய சோற்றுக்குப் 'பிலோத்தாச் சோறு' என்று பெயர். பிலோத்தா என்றால் நெல் குத்துகிறவன் என்று அந்தப் பெரியவர் கைகளால் உலக்கை போடுவது போல் நடித்துக் காட்டினார். உரலில் நெல் குத்திய கூலிக்காரர்கள் பொங்கித் தின்ற, பன்றி இறைச்சி கலந்த, உதிரி உதிரியான சோறு. அவர் உலக்கை போட்டுக் காட்டியபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்துவிட்டது.

சோற்றைக் கையில் எடுத்தபோதுதான் அந்த எண்ணம் என்னைத் தாக்கியது. நான் இந்த ஊரில் ஒரு வேளை உண்கிறேன். புதுச்சுவை, விடுமுறை, நண்பரின் உபசரிப்பு. எல்லாம் இன்பமாக இருக்கிறது. நாளை விமானம் ஏறினால் ஊரில் மீன்குழம்பு காத்திருக்கிறது. ஆனால் இதே ஊரில் பிறந்த ஒருவர் என் ஊருக்கு வந்து, 36 ஆண்டுகள், இறக்கும்வரை, என் உணவை உண்டார். அக்காலத்து மதுரை மறைப்பணித் தளத்துக் குருக்கள் புலாலையும் மதுவையும் விலக்கி, சோறு, காய்கறி, பால், நெய் இவற்றைக் கொண்டே வாழ்ந்தனர். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நோபிலி வகுத்துக் கொடுத்த வழி அது. மக்கள் எதை உண்கிறார்களோ அதை உண்டு, எதை உடுத்துகிறார்களோ அதை உடுத்தி, எந்த மொழியில் அழுகிறார்களோ அந்த மொழியில் பேசினால்தான் அவர்கள் நெஞ்சின் கதவு திறக்கும் என்று அவர்கள் கண்டார்கள். திராட்சை இரசமும் ரொட்டியும் பாலாடைக் கட்டியுமாய் வளர்ந்த நாக்கு, தமிழை மட்டுமா கற்றது? நம் சோற்றையும் கற்றது. பார்க்க வருகிறவனுக்கும் தங்க வருகிறவனுக்கும் உள்ள வேற்றுமை உண்ணும் இடத்தில் தெரிந்துவிடுகிறது.

உணவு முடிந்ததும் பெரியவரிடம் நண்பர் வழியாகக் கேட்டேன்: "பெஸ்கி என்பவரைத் தெரியுமா?" அவர் உதட்டைப் பிதுக்கினார். தெரியவில்லை. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவரைப் பெற்ற ஊரை விட, அவர் தத்தெடுத்துக் கொண்ட ஊர்கள்தாம் அவரை மறக்காமல் வைத்திருக்கின்றன. மேசையில் இருந்த காகிதக் கைத்துணியை எடுத்து, 'காஸ்திலியோனே' என்று தமிழில் எழுதிக் காட்டினேன். அதில் 'யோ' என்ற எழுத்தையும் 'னே' என்ற எழுத்தையும் வட்டமிட்டு, "உங்கள் ஊர்ப் பெயரில் உள்ள இந்த இரண்டு நெடில் குறிகளையும் எங்கள் மொழிக்குக் கொடுத்தவர் உங்கள் ஊர்க்காரர்தான்" என்று சொன்னேன்.

இதைச் சற்று விளக்குகிறேன். முற்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டும், நெடில்களைப் புள்ளியின்றியும் எழுதி வந்தார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே பலரும் புள்ளியை விட்டுவிட, குறிலா நெடிலா என்பது படிப்பவன் பாடாயிற்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார் வீரமாமுனிவர். நம் பிள்ளைகள் பள்ளியில் எழுதும் 'ஏணி'யிலும் 'ஓடம்' என்பதிலும், 'தேன்' என்பதிலும் 'கோயில்' என்பதிலும் அவர் கைவண்ணம் இருக்கிறது.

பெரியவர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் புறப்பட்டபோது காப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"எல்லாரும் சகோதரர்"

பிற்பகலில் ஊரின் பெரிய கோயிலுக்குப் போனோம். அதைச் சுற்றி நடந்த ஒரு வரலாறு உலகத்தையே மாற்றியிருக்கிறது.

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், சில கல் தொலைவிலுள்ள சொல்ஃபெரினோ குன்றுகளில் பெரும் போர் மூண்டது. ஒரு பக்கம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் பியெத்மோந்து மன்னர் விக்டர் இம்மானுவேலும். மறுபக்கம் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சிஸ் ஜோசப். ஒரே நாளில் செத்தவர்களும் காயமுற்றவர்களும் சுமார் 40,000 பேர். அன்று மாலை தொடங்கி வண்டி வண்டியாகக் காயமுற்றவர்கள் காஸ்திலியோனேக்கு வந்து இறங்கினார்கள். ஏறக்குறைய 5,000 பேர் வாழ்ந்த ஊருக்குள் 9,000க்கும் மேற்பட்ட காயக்காரர்கள்! கோயில்கள், மடங்கள், வீடுகள், முற்றங்கள், தெருக்கள் எங்கும் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினார்கள். இந்தப் பெரிய கோயிலில் மட்டும் 500 பேர் கிடந்தார்களாம்.

ஊர்ப் பங்குக் குருவாயிருந்த லொரென்சோ பர்சீசா ஊர்ப் பெண்களைத் திரட்டினார். தண்ணீரும் கஞ்சியும் கிழித்த துணியுமாய் அந்தப் பெண்கள் இரவும் பகலும் உழைத்தார்கள். சொந்த வேலையாய்ப் பேரரசரைக் காண வந்திருந்த ஜெனீவா நகரத்து வணிகர் ஹென்றி டூனாண்ட் என்பவரும், வெள்ளை உடுப்போடு வந்தவர், அந்தக் காட்சியைக் கண்டு மனம் பதறித் தாமும் பணியில் இறங்கினார். அவர் கண்ட அதிசயம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரன் நட்பு நாட்டவன், ஆஸ்திரியன் பகைவன் என்ற வேற்றுமையை அந்தப் பெண்கள் பார்க்கவில்லை. ஊரை ஆட்டிப் படைத்த ஆஸ்திரியப் படையின் வீரனுக்கும் அதே தண்ணீர், அதே கஞ்சி, அதே கை. கேட்டவர்களுக்கு "தூத்தி ஃப்ரத்தெல்லி" என்றார்களாம். "எல்லாரும் சகோதரர்" என்பது அதன் பொருள்.

டூனாண்ட் 1862ஆம் ஆண்டு இதை ஒரு நூலாக எழுதினார். 1863ஆம் ஆண்டு ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் கால்கோள் ஆயிற்று. 1864ஆம் ஆண்டு முதல் ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. 1901ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட நோபெல் சமாதானப் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. காஸ்திலியோனேயில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் ஒன்று, போரின் நூற்றாண்டான 1959ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. பழைய தூக்குக் கட்டில்களையும், காயக்கட்டு வண்டிகளையும், அறுவைக் கருவிகளையும் அங்கே கண்டோம். புயலடித்த காலங்களிலும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடலூர்க் கடற்கரையைச் சூறையாடிய போதும் செஞ்சிலுவையின் கொடியை நாம் பார்த்தோம் அல்லவா? அதன் வேர் இந்தக் கோயிலின் வைக்கோலில் இருக்கிறது.

என் மனத்தில் உறுத்திய முள்

பெரிய கோயிலின் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, நண்பர் வேடிக்கையாக ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. வேறொரு காட்சி என் கண்முன் நின்றது. அதை இங்கே எழுதுவதா என்று பலநாள் தயங்கினேன். யூபிலி ஆண்டு பாவ அறிக்கையின் ஆண்டும் ஆகையால் எழுதிவிடுகிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் ஓர் ஊரில் உதவிக் குருவாயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழாவன்று பந்தலில் விருந்து. எனக்கு முதல் பந்தியில், நடு இடத்தில் இலை போட்டார்கள். பந்தலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் சில குடும்பங்கள் நின்று கொண்டிருந்தன. அன்று காலை என் கையால் நற்கருணை வாங்கியவர்கள்தாம். எல்லாரும் உண்டு முடித்தபின், அந்த மரத்தடியிலேயே அவர்களுக்குத் தனியாக இலை போடுவது வழக்கமாம். நான் எழுந்து போய், "உள்ளே வாருங்கள்" என்றேன். ஒரு முதியவர் கைகூப்பி, "பரவாயில்லை சாமி, எங்களுக்கு இதுதான் வழக்கம். நீங்க சாப்பிடுங்க" என்றார். பந்தலுக்குள் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். பிறகு பேசாமல் திரும்பி வந்து, உட்கார்ந்து, உண்டேன். அதுதான் என் குற்றம். அந்தச் சோற்றின் சுவை என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வரலாற்றை எழுதுகிறவன் நல்லதை மட்டும் எழுதலாகாது. நோபிலியின் காலம் தொடங்கி, நம் முன்னோடிக் குருக்கள் பிராமண சன்னியாசிகள் என்றும், பண்டாரசுவாமிகள் என்றும் இரு வகையாகப் பிரிந்து வெவ்வேறு சாதியாருக்கு ஊழியம் செய்தார்கள். உயர்சாதியார் நடுவே பழகியவர் மற்றவரோடு வெளிப்படையாகப் பழக இயலாத நிலை. நாட்டின் உணவையும் உடையையும் மொழியையும் ஏற்றுக் கொண்டவர்கள், நாட்டின் சாதி வேலிக்கும் இடம் கொடுத்தே பணி செய்தார்கள். அந்தக் காலச் சூழ்நிலையில் வேறு வழி அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களைத் தீர்ப்பிட நான் யார்? ஆனால் அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற செல்வத்தைச் சுமக்கிற நாம், அவர்கள் தீர்க்காமல் விட்ட கடனையும் சுமக்கிறோம். தமிழகத்துப் பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சுவர் எழுப்பியவர்கள் நாம்தானே!

காஸ்திலியோனேயின் ஒரு மகன் நம்மிடம் வந்து, நம் பந்தியில் அமர்ந்து, நம்மில் ஒருவராகவே ஆனார். அதே காஸ்திலியோனேயின் பெண்கள், அவர் இறந்து 112 ஆண்டுகளுக்குப்பின், பகைவனுக்கும் ஒரே கலயத்திலிருந்து கஞ்சி வார்த்தார்கள். முதற்பாடத்தை நாம் பெருமையோடு கொண்டாடுகிறோம். இரண்டாம் பாடத்தை இன்னும் முழுமையாகப் படித்து முடிக்கவில்லை.

மாலையும் திரும்புதலும்

பொழுது சாயுமுன் நண்பர் என்னைச் சொல்ஃபெரினோவுக்கு அழைத்துச் சென்றார். குன்றின் உச்சியில் ஒரு பழைய கோபுரம். வடக்கே ஏரி வெள்ளித் தகடுபோல் மின்னிற்று. குன்றின் அடியில் புனித பேதுரு கோயில். அதற்குள் சுமார் 7,000 வீரர்களின் எலும்புகளும் மண்டையோடுகளும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. பிரெஞ்சுக்காரன் மண்டை எது, ஆஸ்திரியன் மண்டை எது என்று யாரால் சொல்ல முடியும்? ஒரே வரிசையில் இருக்கின்றன. செத்த பின்னாவது எல்லாரும் சகோதரர் ஆனார்கள். சாகும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

ஊர் திரும்பிய பின், ஒரு நாள் கோணான்குப்பம் சென்றேன். சேலையுடுத்தித் தமிழ்ப் பெண்ணாக நிற்கும் பெரியநாயகி அன்னையின் சுரூபத்தை மணிலா நகரிலிருந்து வரவழைத்தார் முனிவர் என்பது செவிவழி வரலாறு. அன்னைக்கே நம் ஊர்ச் சேலை உடுத்தி அழகு பார்த்தவர் அவர். அந்தத் தலத்தில் பொங்கல் வைக்கிற குடும்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பு தனித்தனி, ஆனால் புகை எல்லாம் ஒன்றாகக் கலந்து மேலே போயிற்று. விருத்தாசலத்துப் பக்கத்து வெயிலில், பனியும் திராட்சையும் நிறைந்த அந்தக் குன்றுகளை முனிவர் என்றாவது நினைத்திருப்பார் அல்லவா? நினைத்தும் திரும்பாமல் இருந்தார். அதுவே அவர் செய்த பெரிய காப்பியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்பு மக்களே, குடிகாட்டில் நம் யூபிலி விருந்துக்கு இப்போதே அடுப்புக்கல் தேடுகிறார்கள். அரிசி மூட்டைகள் வரத் தொடங்கியுள்ளன. நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பந்தல் ஒன்றாக இருக்கட்டும். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்பதை வந்த வரிசை மட்டுமே தீர்மானிக்கட்டும். சாமியாருக்கென்று நடு இலை வேண்டாம். வேப்ப மரத்தடியில் யாரும் நிற்க வேண்டாம். எல்லாரும் உண்டு முடிக்கும்வரை நான் தண்ணீர்ச் செம்போடு பந்தியில் நடக்கிறேன். கடைசிப் பந்தியில் எனக்கு ஓர் இலை போடுங்கள். இளங்குருவாய் நான் உண்ட அந்தச் சுவையறியாத சோற்றுக்கு அதுவே பரிகாரம்.

யூபிலி விழா சிறக்க இறைவன் அருள்வாராக. பெரியநாயகி அன்னை நம் அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்துவாராக.

உங்கள் அன்புள்ள பங்குக் குரு.